வேலிக்குருவி, ஒன்று

அன்று காலை பத்து மணிக்கு ஓஸ்மோவிடம் நான் பொய் சொன்னேன். முப்பது வருஷத்தில் முதல் தடவை.

ஓஸ்மோ எங்கள் மாவட்டப் பறவைக் குழுவின் தலைவன். குளிர்காலம் முழுக்க தினமும் பத்து மணிக்கு ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரிப்பான். சாப்பிட மறந்தாலும் இதை மறக்கமாட்டான்.

“என்னடா தௌனோ, உன் தோட்டத்துல ஏதாவது உண்டா?”

“பட்டாணிக்குருவிதான். வேற என்ன வரப்போகுது இந்தக் குளிர்ல?”

“எங்கேயும் ஒண்ணும் இல்லடா. உருப்படாத மாசம்,” என்று அலுத்துக்கொண்டு வைத்துவிட்டான்.

அவன் வைத்த பிறகும் நான் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். சமையலறை ஜன்னலுக்கு வெளியே, கிறிஸ்துமசுக்கு ஐலா கட்டித் தொங்கவிட்ட ஓட்ஸ் கதிர்க்கட்டுக்குக் கீழே, பனியில் உதிர்ந்து கிடந்த மணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தது ஒரு சைபீரிய வேலிக்குருவி. கண்ணை மறைத்துக் கன்னம்வரைக்கும் கறுப்புப் பட்டை. அதற்கு மேலே மஞ்சள் புருவம், கீழே மஞ்சள் தொண்டை. முதுகில் பழுப்புக் கோடுகள். ஊசி மாதிரி அலகு. புத்தகத்தில் நூறு தடவை பார்த்து, கண்ணால் ஒரு தடவைகூடப் பார்க்காத பறவை. யூரல் மலைப் பக்கம் கூடு கட்டி, குளிருக்குச் சீனாவுக்குப் போக வேண்டியது. திசை மாறி, இருபத்துநாலு டிகிரி உறைகுளிரில், எங்கள் கடலோரத்தில், என் வீட்டு ஜன்னலுக்கு நாலு முழம் தள்ளி நிற்கிறது.

“ஐலா! ஐலா, ஓடி வா! இதைப் பாரு!”

என் மனைவி கையெல்லாம் ரொட்டி மாவோடு வந்து எட்டிப் பார்த்தாள். “இவனா? இவனுக்கு என்ன இப்போ?” என்று ஆரம்பித்து ஏதோ சொன்னாள். நான் காமிராவைத் தேடிக்கொண்டிருந்தேன். அவள் சொன்னதைக் காதில் வாங்கவில்லை.

ஏழெட்டுப் படம் எடுத்தேன். கண்ணாடியில் படிந்த ஆவியால் பாதி கெட்டுப்போனது. இரண்டு நன்றாக விழுந்தது. மஞ்சள் தெரிகிறது, கறுப்புப் பட்டை தெரிகிறது, யாரும் மறுத்து மூச்சுவிட முடியாது. இனி செய்ய வேண்டியது ஒன்றுதான். குழுவுக்குச் செய்தி அனுப்பும் பொத்தானை அழுத்த வேண்டும்.

எங்கள் கூட்டத்தில் எழுதாத சட்டம் அது. அரிய பறவையைக் கண்டால் அந்த நிமிஷமே எல்லாருக்கும் சொல்லிவிட வேண்டும். குடிகாரனை மன்னிப்பார்கள், பொண்டாட்டியை விட்டு ஓடியவனை மன்னிப்பார்கள், பறவையை மறைத்தவனை மன்னிக்கமாட்டார்கள். சில வருஷத்துக்கு முன் ஒருவன் ஓர் ஆந்தையை ஒரே ஒரு நாள் மறைத்து வைத்தான். இன்றைக்கும் அவன் கார் பனியில் புதைந்தால் யாரும் கயிறு எடுத்துக்கொண்டு போவதில்லை.

கட்டைவிரல் பொத்தான்மேல் நின்றது. அழுத்தவில்லை. அஹ்தியின் ஞாபகம் வந்துவிட்டது. வந்தது என்ன, பதினோரு வருஷமாக அவன் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறான்.

அஹ்தியும் நானும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே தொலைநோக்கி. அதாவது தொலைநோக்கி அவனுடையது, கார் என்னுடையது. பதினோரு வருஷத்துக்கு முன்னால், இதே ஜனவரியில், முப்பத்தோரு டிகிரி உறைகுளிரில், நகரத்துக் குப்பைமேட்டு வேலியோரம் ஒரு சைபீரிய வேலிக்குருவியைப் பார்த்ததாக அவன் சொன்னான். தனியாகப் பார்த்திருந்தான். காமிரா பாட்டரி குளிரில் உயிரை விட்டுவிட்டது. சான்று என்று இருந்ததெல்லாம் கையுறையோடு கிறுக்கிய ஒரு படமும் அரைப் பக்க விவரமும்தான். அதுவரைக்கும் எங்கள் மாவட்டத்தில் அந்தப் பறவையை யாரும் கண்டதில்லை.

சரிபார்ப்புக் குழுவில் ஐந்து பேர். நானும் ஒருவன். மற்ற நாலு பேரும் ஆறப்போடலாம், இன்னும் விசாரிக்கலாம் என்று இழுத்தார்கள். எனக்கு எதையும் ஆறப்போடத் தெரியாது. சூப்பைக்கூட வாயைச் சுட்டுக்கொண்டுதான் குடிப்பேன். நானே பேனாவை எடுத்தேன். ‘தந்துள்ள விவரம் சாதாரண வேலிக்குருவியாக இருக்கக்கூடும் என்பதை விலக்கவில்லை. நிராகரிக்கப்படுகிறது.’ அவ்வளவுதான் எழுதினேன். சாதாரண வேலிக்குருவி என்றால் சாம்பல் தலை, சாம்பல் மார்பு, பார்த்த அடுத்த நிமிஷம் மறந்துபோகிற பறவை. நண்பன் என்பதற்காகச் சலுகை காட்டினான் என்று எவனும் சொல்லிவிடக் கூடாது என்ற வீம்பும் அதில் இருந்தது. இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

மறு வாரமே அஹ்தி தொலைநோக்கியை விற்றான். குழுவிலிருந்து பேரை எடுத்துக்கொண்டான். கடையில் ரொட்டி அலமாரிக்கு முன்னால் நேருக்கு நேர் வந்தாலும் ரொட்டியை மட்டும்தான் பார்ப்பான். சில வருஷம் கழித்து, ஓர் இலையுதிர்காலத்தில், அந்த இனம் கிழக்கிலிருந்து நூற்றுக்கணக்கில் வந்து இறங்கியது. ஊரெல்லாம் போய்ப் பார்த்தது. நான் மட்டும் முதுகு பிடித்துக்கொண்டு படுக்கையில் கிடந்தேன். ‘அப்போ அஹ்தி பார்த்ததும் நெஜமாத்தான் இருக்குமோ’ என்று குழுவில் யாரோ முணுமுணுத்தது என் காதுக்கும் வந்தது. அன்றிலிருந்து வேலிக்குருவி என்ற வார்த்தையைக் கேட்டாலே நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

இப்போது செய்தியைப் போட்டால் பன்னிரண்டு மணிக்குள் தோட்டம் நிறைந்துவிடும். ஓஸ்மோவும் மற்றவர்களும் நிற்கிற இடத்துக்கு அஹ்தி செத்தாலும் வரமாட்டான். அவன்தான் முதலில் பார்க்க வேண்டும். பிறகு செய்தி. அறிக்கையில் ‘முதலில் கண்டவர்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் ஒரு பேர் ஏறிவிட்டால் ஏறியதுதான், வருஷாந்தர மலரில் அச்சாகி என்றைக்கும் நிற்கும். அந்தக் கட்டத்துக்காக அண்ணன் தம்பி பேசாமல் போன வீடுகள் எனக்குத் தெரியும். அதில் அஹ்தியின் பேரைப் போட்டுவிடுவது என்று தீர்மானித்தேன். பழைய நிராகரிப்பையும் திரும்ப எடுக்கச் சொல்வது. இதைவிடப் பெரிதாக அவனுக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றுமில்லை.

மணி பத்தே கால். இரண்டு மணிக்கு வெளிச்சம் போய்விடும். ராத்திரிக் குளிரை அந்தக் குருவி தாங்குமா, நாளைக்கு இருக்குமா, யாருக்குத் தெரியும்?

கோட்டை மாட்டும்போதுதான் பார்த்தேன். பிர்ச் மரத்து உச்சியில் குட்டி ஆந்தை ஒன்று உட்கார்ந்திருந்தது. கைக்குள் அடங்குகிற உருவம். ஆனால் தன் எடைக்குச் சமமான குருவியைத் தூக்கிக்கொண்டு போகும். மற்ற நாளாக இருந்தால் நான் அதற்கே அரை மணி நேரம் படம் எடுத்திருப்பேன்.

“ஐலா, அந்த ஆந்தையை விரட்டு.”

“என்னது?”

“கிட்ட வந்தா சட்டியைத் தட்டு. நான் போயிட்டு வந்துடுறேன்.”

“ஆந்தை வந்தா மூச்சுகூட விடாதேன்னு போன வாரம் என்னைத் திட்டுனது யாரு?”

“இது வேற.”

“உனக்கு எல்லாமே வேறதான். சட்டியா, வாணலியா? உன் குருவிக்கு எந்தச் சத்தம் பிடிக்கும்னு சொல்லிட்டுப் போ.”

அஹ்திக்குப் போன் அடித்தேன். எடுக்கமாட்டான் என்று தெரிந்தே அடித்தேன். எடுக்கவில்லை. காரை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். கதவில் துடைப்பம் குறுக்கே சாய்ந்திருந்தது; ஆள் வீட்டில் இல்லை என்பதற்கு எங்கள் பக்கம் அதுதான் அடையாளம். கொல்லையிலிருந்து பனிஸ்கூட்டரின் தடம் ஒன்று நேராகக் கடலுக்குப் போயிற்று. பறவையை விட்டபிறகு அவன் பிடித்துக்கொண்டது மீனை. உறைந்த கடலுக்கு அடியில் வலை போட்டுவிட்டு ஒன்றுவிட்டு ஒரு நாள் போய்ப் பார்க்கிறான் என்று ஐலா சொல்லியிருக்கிறாள்.

மறுபடி வீட்டுக்கு ஓடி என் பனிஸ்கூட்டரைக் கிளப்பினேன். அதன் கயிற்றை ஒரு தடவை இழுத்ததும் கிளம்பிய சரித்திரமே கிடையாது. ஆறாவது இழுப்பில் கிளம்பியது. பாக்கெட்டில் போன் அதிர்ந்தது, ஓஸ்மோ. எடுக்கவில்லை. எடுத்தால் குரலே காட்டிக்கொடுத்துவிடும்.

பதினொன்றரைக்கு அவனைக் கண்டுபிடித்தேன். கரையிலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே, வெள்ளை வெளேர் என்ற வெட்டவெளியில், பனிக்கட்டியில் வெட்டிய குழிக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, வெறுங்கையால் வலையை இழுத்துக்கொண்டிருந்தான். மீசை உறைந்து வெளுத்திருந்தது. பக்கத்தில் பிடிபட்ட மீன்கள் துள்ளின கோலத்திலேயே விறைத்துக் கிடந்தன.

எஞ்சினை நிறுத்தினேன். பதினோரு வருஷத்துக்குப் பிறகு பேசப்போகிற முதல் வார்த்தையை எத்தனையோ தடவை ஒத்திகை பார்த்திருக்கிறேன். வாயில் வந்தது இதுதான்:

“கிளம்பு.”

அஹ்தியின் முகம் வெளிறிவிட்டது. “என்ன ஆச்சு? ஐலாவுக்கு ஏதாவதா?”

“ஐலா நல்லாத்தான் இருக்கா. சட்டி தட்டிக்கிட்டு இருக்கா.”

“அப்ப நீ எதுக்கு இங்க வந்தே?”

“உன் குருவி வந்திருக்குடா. என் தோட்டத்துல.”

இழுத்த கை நின்றுவிட்டது. “எந்தக் குருவி?” தெரிந்துகொண்டேதான் கேட்டான்.

“மஞ்சள் தொண்டை. கறுப்புப் பட்டை.”

அவன் என்னைப் பார்க்கவில்லை. குழிக்குள் இருந்த கறுப்புத் தண்ணீரையே பார்த்தான். “ஓஸ்மோ கூட்டமெல்லாம் வந்தாச்சா?”

“யாருக்கும் சொல்லல.”

இப்போது நிமிர்ந்தான். “மறைச்சியா? நீயா?”

“நீ முதல்ல பார்க்கணும்னுதான். வா, ஏறு, வெளிச்சம் போயிடும்.”

“வலை பாதியில நிக்குது. இப்படியே விட்டா அஞ்சு நிமிஷத்துல கம்பி மாதிரி ஆயிடும்.” மறுபடி இழுக்க ஆரம்பித்தான். “நீ போ. நான் வரலை.”

“வரலையா? உனக்காக ஓஸ்மோகிட்டப் பொய் சொல்லிட்டு வந்திருக்கேன். இந்தப் பாழாப்போன ஸ்கூட்டர் கயித்தை ஆறு தடவை இழுத்திருக்கேன். வரலையா?”

“யாரு சொல்லச் சொன்னா?”

கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு அவன் பக்கத்தில் முட்டி போட்டேன். வலையைப் பிடித்தேன். தண்ணீர் கையைக் கடித்தது. அவன் கொஞ்ச நேரம் என் கையையே பார்த்தான்.

“இப்படி இல்ல,” என்றான். “மீனை நான் எடுத்துக்கறேன். நீ அந்தக் குழிக்குப் போ. நான் சொல்றப்ப கயித்தை இழு, வலை திரும்ப உள்ள போகும்.”

முப்பது அடி தள்ளி இன்னொரு குழி. வலையின் மறுமுனையில் கட்டிய கயிறு அங்கே வெளியே வருகிறது. இரண்டு ஆள் வேலை அது. இவன் இத்தனை வருஷமாக ஒற்றை ஆளாக இங்கும் அங்கும் நடந்து செய்துகொண்டிருக்கிறான். அதை நினைத்ததும் எனக்கு ஏனோ கோபம் வந்தது. ஒவ்வொரு மீனையும் கண்ணியிலிருந்து பதமாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தான். எனக்குக் கால் தரிக்கவில்லை.

“அஹ்தி! சீக்கிரம்!”

“கத்தாதே. நீ கத்துனா மீன் தானா இறங்கி வந்துடுமா?”

“மணி பன்னெண்டு!”

“எனக்கும் கடிகாரம் இருக்கு.”

கடைசி மீனை எடுத்துவிட்டுக் கையைக் காட்டினான். இழுத்தேன். வலை பனிக்கடியில் ஓடி மறைந்தது. எழுந்து நின்று, முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, வருகிறேன் என்றும் சொல்லாமல், வரவில்லை என்றும் சொல்லாமல், தன் ஸ்கூட்டரில் ஏறி என் வீட்டுப் பக்கம் திருப்பினான். முகம் ஒரு மாதிரி இருந்தது. பழைய கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டே முக்காலுக்கு வீடு வந்தோம். கதிர்க்கட்டின் கீழே ஒரு குஞ்சுகூட இல்லை. ஐலா வாசலில் சட்டியும் கரண்டியுமாக நின்றாள்.

“ஒண்ணைத் தூக்கிட்டுப் போயிடுச்சு,” என்றாள். “சட்டியைத் தட்டுனேன். அது என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கலை.”

“எதைத் தூக்கிட்டுப் போச்சு?”

“எனக்கு எப்படித் தெரியும்? குட்டியா, பழுப்பா இருந்துச்சு. வா அஹ்தி, நல்லா இருக்கியா? காபி போடவா?”

தோட்டத்து நீராவிக் குளியலறையான சானாவின் சுவரோரம், காற்றுக்கு மறைவாக, அஹ்தியை நிறுத்தினேன். என் இரட்டைக்கண்ணாடித் தொலைநோக்கியை அவன் கழுத்தில் மாட்டினேன். அவன் நின்றான். நான் நடந்தேன். சுவருக்கும் விறகுக் குவியலுக்கும் நடுவே எத்தனை தடவை நடந்தேன் என்று பனியைப் பார்த்தால் தெரியும், வாய்க்காலே வெட்டியிருந்தேன். தினைக்குருவிகள் இரண்டு வந்தன. ஒரு மணி ஆயிற்று. பனி நீலம் பூக்க ஆரம்பித்தது. ஆந்தை தூக்கிக்கொண்டு போனது அதையேதான் என்று முடிவே கட்டிவிட்டேன். படத்தைக் காட்டி மன்னிப்புக் கேட்பதா? படத்தையா?

“ஒரு இடத்துல நில்லுடா,” என்றான் அஹ்தி. “குருவி இருந்தாலும் நீ நடக்கறதைப் பார்த்துட்டு சைபீரியாவுக்கே திரும்பிப் போயிடும்.”

நின்றேன். நின்ற அரை நிமிஷத்தில் விறகுக் குவியலின் அடியிலிருந்து அது வந்தது. பனியில் மூன்று தத்தல், ஒரு நிறுத்தம். வாலை ஒரு தடவை சுண்டியது. மணிகளைப் பொறுக்க ஆரம்பித்தது.

அஹ்தி கண்ணாடியை உயர்த்தினான். நான் அவனைப் பார்த்தேனே தவிர குருவியைப் பார்க்கவில்லை. ரொம்ப நேரம் அவன் கையே அசையவில்லை.

“எவ்வளவு மஞ்சள்,” என்றான் கடைசியில்.

நான் சேர்த்து வைத்ததையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டினேன். நான் அவசரப்பட்டது தப்பு, அந்த ஒரு வரியை எழுதியிருக்கக் கூடாது, பழைய அறிக்கையைத் திரும்ப எடுக்கச் சொல்கிறேன், இந்தக் குருவியை முதலில் கண்டவர் என்று உன் பேரைத்தான் போடப்போகிறேன், நீதான் கண்டாய், நான் எதையுமே பார்க்கவில்லை, யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன்.

“வேண்டாம்,” என்றான் அஹ்தி.

“ஏன் வேண்டாம்?”

“ஒரு பொய்க்குருவி என் பேர்ல இருந்தது போதும்.”

எனக்குப் புரியவில்லை. அவன் கண்ணாடியை இறக்கினான்.

“என்னோடது இது இல்ல, தௌனோ. அன்னைக்கு எழுதுறப்ப இதுதான்னு சத்தியமா நம்புனேன். அந்த வருஷம் ஏப்ரல்ல மறுபடி குப்பைமேட்டுக்குப் போனேன், உங்க அஞ்சு பேர் மூஞ்சியிலயும் கரியைப் பூசணும்னு. அதே வேலியில அதே குருவி உட்கார்ந்திருந்துச்சு. பாடிச்சு. சாதாரண வேலிக்குருவியோட பாட்டு. முகத்துல இருந்தது குப்பை எரிச்ச கரி. பாதி மழையில கழுவிப் போயிருந்துச்சு. மஞ்சள்னு நான் பார்த்தது அங்க எரியற மஞ்சள் விளக்கு.”

“ஏப்ரல்லயா? அந்த ஏப்ரல்லயா?”

“ஆமா. நீ எழுதுன வரி சரி. ஒரு எழுத்து விடாம சரி. அதைத்தான் என்னால தாங்க முடியலை. உன் மூஞ்சியில எப்படி முழிப்பேன்? ஊரெல்லாம் சண்டை போட்டுட்டேனே.”

நியாயமாக எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது ஆத்திரம்.

“டேய், பதினோரு வருஷம்டா! ரொட்டிக் கடையில நீ ரொட்டியைப் பார்க்குறப்பல்லாம் நான் செத்துச் செத்துப் பிழைச்சேன்! ஒரு வார்த்தை சொன்னா என்னடா? நீ கோவத்துல இருக்கேன்னு நான் நினைச்சுக்கிட்டு, வேலிக்குருவின்னு எவனாவது சொன்னாலே பேச்சை மாத்திக்கிட்டு இருந்தேன்டா! நீயானா வெட்கப்பட்டுக்கிட்டுக் கடல்ல போய் உட்கார்ந்திருக்கே!”

“நீ வந்து கேட்டியா?”

“நீ பார்க்கவே இல்லையே!”

“நீதான் ரொட்டியைப் பார்த்தே!”

சமையலறை ஜன்னல் படார் என்று திறந்தது.

“ரெண்டு பேரும் வாயை மூடுங்க,” என்றாள் ஐலா. “என் திருடனை விரட்டிடாதீங்க. ஞாயித்துக்கிழமையிலேர்ந்து பயப்படாம வந்துட்டுப் போறான்.”

நாங்கள் இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்தோம்.

“எப்போலேர்ந்து?” என்றான் அஹ்தி.

“ஞாயிறு. இன்னைக்கு வியாழன். முகமூடி போட்ட ஒருத்தன் வந்திருக்கான், தொண்டை கடுகு நிறத்துல இருக்குன்னு அன்னைக்கே இவன்கிட்டச் சொன்னேன். காலையிலயும் சொன்னேன். இவன் காதுல விழுந்தாத்தானே?”

அஹ்தி மெதுவாக என் பக்கம் திரும்பினான். “நீ என்ன சொன்னே?”

ஞாபகம் வந்தது. குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்கவில்லை. ஐலா சொல்லி முடிக்கும் முன்பே தீர்ப்பையும் சொல்லிவிட்டிருந்தேன்.

“என்னடா சொன்னே?”

“வேலிக்குருவியா இருக்கும்னு சொன்னேன்,” என்றேன். “சாதாரண வேலிக்குருவி.”

அஹ்தி சிரிக்க ஆரம்பித்தான். முதலில் சத்தமே வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. அப்புறம் சானா சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டான். கண்ணில் வழிந்த தண்ணீர் மீசையில் உறைந்தது. சைபீரியக் குருவியாக இருந்ததை நான் இல்லை என்றேன், அது இல்லாததை அவன் அதுவேதான் என்றான். எனக்கு அவ்வளவு எளிதில் சிரிப்பு வரவில்லை. வந்தபோது நிறுத்தவும் முடியவில்லை. குருவி தலையைச் சாய்த்து எங்களை ஒரு தடவை பார்த்துவிட்டு, மறுபடி ஓட்ஸைப் பொறுக்கியது.

உள்ளே போய், காபியை முன்னால் வைத்துக்கொண்டு அறிக்கையை நிரப்பினோம். முதலில் கண்டவர்: ஐலா. தேதி: ஞாயிறு. பறவையின் விவரத்தைக் கண்டவரே சொந்த வார்த்தையில் எழுத வேண்டும் என்பது விதி. ஐலா மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு எழுதினாள்: ‘முகமூடி போட்ட திருடன் மாதிரி. தொண்டையும் புருவமும் கடுகு நிறம். சாதுவானவன். என் கணவர் நம்பவில்லை.’ கடைசி வரியை எடுத்துவிடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். எடுக்கவில்லை.

ஒன்று நாற்பதுக்குச் செய்தி போயிற்று. ஒன்று நாற்பத்தொன்றுக்கு ஓஸ்மோவின் போன்.

“ஞாயித்துக்கிழமையா? ஞாயித்துக்கிழமையா?” என்று கத்தினான். “காலையில என்கிட்ட என்னடா சொன்னே? பட்டாணிக்குருவியா? இருபது நிமிஷத்துல இருட்டப்போகுது, நான் நாப்பது கிலோமீட்டர் வரணும்! உன்னை ஜென்மத்துக்கும் மன்னிக்கமாட்டேன்!”

“சரி,” என்றேன். அவன் சொன்னால் சொன்னதுதான். இனி என் கார் புதைந்தால் நானேதான் தோண்டி எடுக்க வேண்டும்.

அஹ்தி காபியைக் குடித்து முடித்துவிட்டு, குவளையை வெகு நேரம் உருட்டிக்கொண்டிருந்தான். “அந்தப் போனைக் கொடு,” என்றான். வாங்கி, மூக்குக்கு நேரே பிடித்து, மீன் வெட்டிய தடித்த கட்டைவிரலால் ஒவ்வொரு எழுத்தாக அடித்தான். ஒரு தடவை எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி அடித்தான். ஐலா எட்டிப் பார்த்தாள். அவன் குவளையை மறுபடி நிரப்பினாள்.

“ஜனவரியில நம்ம மாவட்டத்துல சாதாரண வேலிக்குருவி இருந்தா அதுக்கும் சரிபார்ப்பு வேணும்ல?” என்று கேட்டான்.

“வேணும். அதுவும் குளிர்காலத்துல லேசுல கண்ணுல படறது இல்ல. பாதிக்கு மேல குளிர்ல செத்துப்போயிடும்.”

“இந்த வருஷம் யாரு சரிபார்க்கறது?”

“நான்தான்.”

போனை என் பக்கம் நீட்டினான்.

‘வேலிக்குருவி, ஒன்று. நகரத்துக் குப்பைமேடு, கிழக்கு வேலி. பதினோரு வருஷத்துக்கு முந்தைய ஜனவரி பதினேழு, காலை பத்து இருபது. உறைகுளிர் முப்பத்தொன்று. முகத்தில் கரி. தனியாக இருந்தது. ஏப்ரல்வரை உயிரோடு இருந்தது, பாடியதைக் கேட்டேன். கண்டவர்: அஹ்தி.’

இந்தத் தடவை அவசரப்படவில்லை. முழுசாகப் படித்தேன். மறுபடியும் ஒரு தடவை படித்தேன். பிறகு ‘ஏற்கப்படுகிறது’ என்பதை அழுத்தினேன்.

“ஏத்துக்கிட்டியா?” என்றான் அஹ்தி.

“ஏத்துக்கிட்டேன்.”

அவன் மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டான். “பதினோரு வருஷம் இழுத்தடிச்சுட்டீங்களேடா, உங்க குழு,” என்றான்.